மாமாவின் எடையும் அக்காவின் கோடும்

அம்மன் தெப்பத்தை ஏரியில் விடும் பொறுப்பு அந்த வருஷம் எங்கள் மாமாவுக்கு வந்தது. முந்தின வருஷம் தெப்பம் சரிந்து அம்மனே நனைந்துபோயிருந்ததால், இரண்டு நீல டிரம்களைப் படுக்கவைத்து, மேலே பலகை அடித்து, புதிதாக ஒன்று கட்டினார். "எவ்ளோ முழுகும்னு சொல்லு பாப்போம்" என்று பொறியியல் படித்துக்கொண்டிருந்த என் அக்காவைச் சீண்டினார்.

அக்கா லேப்டாப்பைத் திறந்தாள். படுத்திருக்கும் டிரம்முக்கு நேரடியாக விடை கிடைக்காதாம். ஓர் ஆழத்தை ஊகித்துப் பார்க்க வேண்டும். அதிகமானால் குறைத்து, குறைந்தால் கூட்டி, இடைவெளியைப் பாதி பாதியாக நறுக்கிக்கொண்டே போனால் விடை நடுவில் சிக்கிவிடுமாம்.

"இன்னாமா, கம்ப்யூட்டரும் குத்துமதிப்பாதான் சொல்லுதா?" என்றார் எங்கள் அப்பா.

"குத்துமதிப்புதான் நைனா. ஆனா எவ்ளோ தூரம் தப்பலாம்னு அதுக்குத் தெரியும்."

அதற்குப் பாரம் தெரிய வேண்டும். முந்தின நாள் வெள்ளோட்டத்தில் அம்மனுக்குப் பதிலாக வைக்கும் மணல் மூட்டையை மீன் தராசில் நிறுத்தார்கள். கோல் ஊன்றித் தள்ளப்போகும் மாமா மட்டும் தராசில் ஏறவில்லை. மாமாவுக்குப் பேசிவைத்திருந்த பெண்ணின் வீட்டார் சுண்ணாம்புக்குளத்திலிருந்து வந்து கரையில் நின்றிருந்தார்கள். "அறுவது கிலோனு போட்டுக்கோ" என்றார் மாமா. அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா மறுபேச்சில்லாமல் அறுபது என்றே தட்டி, விடை வந்ததும் டிரம்மில் தண்ணீர் ஏறவேண்டிய மட்டத்தில் நகப்பூச்சால் சிவப்புக் கோடு போட்டாள்.

மாமா ஏறினார். கோடு இரண்டு விரல் தண்ணீருக்குள் போனது.

"படிச்ச பொண்ணு கணக்கு தண்ணில பூடுச்சு!" என்று யாரோ கத்த, கரையே சிரித்தது. "கணக்கு சரிதான், மாமாதான்..." என்று ஆரம்பித்த என் வாயை அக்காவின் உள்ளங்கை அடைத்தது.

"நான்தான் தப்பா போட்டுட்டேன் மாமா" என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி.

பிறகு கரையில் கிடந்த ஒரு படகின் மறைவில், முழுகின ஆழத்திலிருந்து மாமாவின் நிஜ எடையைத் திருப்பிக் கண்டுபிடித்து, மாமாவுக்கு மட்டும் திரையைக் காட்டினாள். மாமா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினார். மறுநாள் காலையில் யாரும் சொல்லாமலே மூன்றாவது டிரம் வந்து சேர்ந்தது. அம்மன் ஒரு சொட்டுகூட நனையாமல் ஏரியைச் சுற்றி வந்தாள். தை மாதம் மாமாவுக்குக் கல்யாணமும் ஆனது.

நான்தான் வெகுநாள் அக்காவோடு முறைத்துக்கொண்டு திரிந்தேன். கணக்கு அவ்வளவு சரியாக வந்தவள் எதற்காகத் தப்பு என்று ஊரறியச் சொல்லிக்கொள்ள வேண்டும்? அந்த வயதில் எனக்கு அது விளங்கவேயில்லை.