ஆயுத பூஜைக்குக் குளித்த எஞ்சின்

2025 அக்டோபர் 1, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து வாசல் பெருக்கினேன், சாமி படங்களுக்குச் சாமந்திச் சரம் போட்டேன், ஏழு மணிக்குச் சாங்வியில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் காரின் பானெட்டைத் திறந்தேன். ஆறிய எண்ணெயும் புழுதியும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஃப்யூஸ் பெட்டியைப் பாலிதீனால் மூடி, இடுக்குகளைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தேன். தண்ணீர்க் குழாயை எஞ்சின் பக்கம் நான் கொண்டுபோவதே இல்லை.

எனக்குப் பதினொரு வயதில், பிம்ப்ரித் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்த அப்பா ஒரு பழைய கார் வைத்திருந்தார். ஞாயிறுதோறும் எஞ்சினை மண்ணெண்ணெய் நனைத்த "பனியன் துணி"யால் துடைப்பதோடு சரி. அந்த ஆண்டு ஆயுத பூஜையன்று மட்டும், "சாமி முன்னால நிக்கப்போற வண்டி, தொடச்சா போதுமா? குளிக்க வைக்கணும்லா" என்று குழாயை இழுத்து வந்தார். பிளக்குகளுக்கு மின்பொறி அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் கறுப்பு மூடிக்குள் தண்ணீர் போனால் வண்டி கிளம்பாது என்பதால், அதைப் பாலிதீன் உறையால் மூடிச் சணலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். பாதி வேலையில் அதன் அடியில் எண்ணெய்ப் பிசுக்கைக் கண்ட அப்பா உறையை அவிழ்த்தார்.

"அப்பா, உள்ள தண்ணி போயிரும்."

"ஏட்டி, எனக்கே பாடம் எடுக்கியா?"

இரண்டு குவளைத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். பிறகு சந்தனம், குங்குமம், பூஜை. பூஜை போட்ட வண்டியை மறுநாள் காலைவரை எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆகவே யாரும் ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை.

பிற்பகல் பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்குத் திருநெல்வேலியிலிருந்து அழைப்பு வந்தது. அம்மாவின் அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மறுநாள் அதிகாலை ரயிலைப் பிடித்தால் அவரை உயிரோடு பார்க்கலாம்.

"ரிக்‌ஷாவுக்குச் சொல்லி வச்சிருவோமாங்க?" என்றாள் அம்மா.

"வீட்ல கார வச்சுக்கிட்டு ரிக்‌ஷாவா?"

காலையில் வண்டி இருமியதே தவிர கிளம்பவில்லை. அப்பா மூடியைக் கழற்றித் துடைத்தார், ஊதினார், மறுபடி துடைத்தார். அம்மாவை அண்ணி முறையில் அழைக்கும் பக்கத்து வீட்டு மராத்திக்காரர், "வஹினி, மாஜி ஸ்கூட்டர் ஆஹே நா" என்று, ஸ்டேஷனில் கொண்டுவிடத் தன் ஸ்கூட்டரைக் காட்டினார். அம்மா பையோடு எழுந்தாள். "இந்தா கிளம்பிரும், இரி" என்று அப்பா அவளை உட்கார வைத்தார். ரயில் போய்விட்டது. அம்மா ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

வண்டி கிளம்பாத அந்தக் காலையில், யாரும் கேட்பதற்கு முன்பே அப்பா அம்மாவிடம் சொன்னார்: "ஒம் மகதான் கவர ஒழுங்காக் கெட்டல."

அவரே திருத்திச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். அம்மா என்னைத் திட்டவில்லை. ஊரிலிருந்து திரும்பிய பிறகு எனக்குத் தலை பின்னிவிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

அம்மா போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அப்பா என்னோடு இருக்கிறார். இந்த ஆயுத பூஜையன்று நான் துடைத்துக்கொண்டிருந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்தபடி என் மகனிடம், "ஒங்கம்மைய நம்பாதல. ஒரு கவரு கெட்டத் தெரியாதவ" என்று சிரித்தார்.

"தாத்தா, ஸேம் ஸ்டோரி எத்தன வாட்டி!" என்றான் மகன்.

துணியைக் கீழே வைத்தேன். "நான் ஒழுங்காத்தான் கெட்டுனேன். நீங்கதாம்ப்பா அவுத்தீங்க."

"ஆமா, நாந்தான் அவுத்தேன். அதுக்கு இப்ப என்னட்டி?"

அவர் மறந்துவிட்டார் என்றே இத்தனை வருடங்களாக நினைத்திருந்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் என்ற பாகமே இப்போதைய கார்களில் இல்லை. இந்தப் பதிலைக் கேட்டிருக்க வேண்டியவளும் இல்லை.

மறுநாள் விஜயதசமி. முதல் வேலையாக அப்பாவுக்குக் காப்பி கலந்து கொடுத்தேன். சர்க்கரை போதவில்லை என்றார். போட்டுக் கொடுத்தேன்.