டி-ல பத்திரமா இருக்கு

ஒரு மாசமா கம்ப்யூட்டர் அதையே சொல்லிட்டிருந்துச்சு: உங்க டிஸ்க்குக்குப் புது ஃபர்ம்வேர் வந்திருக்கு. டிஸ்க்குக்குள்ளயே ஓடுற குட்டி புரோகிராம் அது. நானும் ஒரு மாசமா "அப்புறம்"னு அமுக்கிட்டே இருந்தேன். வீட்டுக்காரி சொல்ற வேலைக்கும் இந்த மாதிரி ஒரு பட்டன் இருந்தா தேவலாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு ரோஷம் வந்துருச்சு. அந்த டிஸ்க்குலதான் வீட்டுக்காரி எட்டு வருஷமா டியூஷனுக்கு டைப் பண்ண கேள்வித்தாள் எல்லாம் இருக்கு. மறுநாள் காலையில வகுப்பு வேற. அதனால ஒழுங்கா, படிச்ச ஆளு மாதிரி செஞ்சேன். கண்ட வெப்சைட்ல தேடாம, சிஸ்டமே குடுத்த அப்டேட்டை எடுத்தேன். மாடல் நம்பர் பாத்தேன். கேள்வித்தாளை எல்லாம் டி டிரைவ்ல ஒரு காப்பி போட்டேன். நடுவுல கரண்ட் போனா டிஸ்க்கே செத்துரும்னு எழுதியிருந்துச்சு. வெளிய எட்டிப் பாத்தேன், நல்ல வெயில். அமுக்கிட்டேன்.

ஸ்கிரீன் கறுப்பாச்சு. "அணைக்காதீர்கள்"னு ஒரு வரி. எங்க ஊரு உலு திராம் வானம் அதைப் படிச்சிருக்கும் போல. அஞ்சு நிமிஷத்துல இடி! எங்க வீட்டுல பெரிய இடின்னா மெயின் ஸ்விட்ச் தானா விழுந்துரும்.

வீட்டுக்காரி வந்தா. "என்னாங்க, சுவத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

"பிளக்கைக் காவல் காக்குறேன். ரைஸ் குக்கரைத் தொடாத."

"என் பேப்பர்?"

"காப்பி எடுத்தாச்சுமா. டி-ல பத்திரமா இருக்கு."

"அந்த டி எங்க இருக்கு?"

அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. ஒரே டிஸ்க்கை ரெண்டாப் பிரிச்சு சி, டின்னு பேரு வச்சவனே நான்தான்.

"அதே டிஸ்க்குலதான்..."

"அலமாக்! வீடு பத்திக்கும்னு பயந்து நகையை முன் ரூம்லருந்து பின் ரூமுக்கு மாத்துனீங்களா?"

கம்ப்யூட்டரே படிக்காத டீச்சர் ஒரே கேள்வியில என்னை ஃபெயில் ஆக்கிட்டா.

அடுத்த இடிக்கு லைட் ஒரு தடவை கண்ணடிச்சுச்சு. ஸ்விட்ச் விழல. கொஞ்ச நேரத்துல ஸ்கிரீன் வெளிச்சமாச்சு. அவ என்னைத் தள்ளிட்டு உக்காந்து, நாளைக்கு உள்ள பேப்பரைத் தொறந்து, கடைசிக் கேள்வி வரைக்கும் போய்ப் பாத்தா.

"இருக்கு."

அப்பத்தான் மூலையில இன்னொரு அப்டேட் வந்து நின்னுச்சு. என் கை மவுஸ் பக்கம் போச்சு. பட்டுன்னு புடிச்சா.

"முதல்ல கடைக்குப் போங்க. இன்னொரு பேரு வேணாம், இன்னொரு டிஸ்க் வாங்கிட்டு வாங்க."

"மழை லா."

"நீங்க நனைஞ்சா காஞ்சிருவீங்க."

கார்ல ஏறினப்புறம்தான் எத்தனை ஜிபின்னு கேக்கலையேன்னு தோணுச்சு. திரும்பிப் போய்க் கேக்கத் தைரியம் இல்ல. கடையில இருந்ததுலயே பெருசா ஒண்ணு வாங்கிட்டேன்.