லைன்மேன் போனுக்குச் சார்ஜ் போட்ட கதை

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் நர்ஸ் குவார்ட்டர்ஸில் மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டதாம்.

ஆட்டி வைத்த மாவு புளித்துப் பாத்திரத்தை விட்டே வெளியே வந்துவிட்டது. தண்ணீருக்கு அடிபம்புதான்.

இன்வெர்ட்டர் பிரசவ அறைக்கு மட்டும். அங்கே யாரும் போனுக்குச் சார்ஜ் போடக் கூடாது என்று சட்டம் போட்டவளே நான்தான். என் போனுக்கு ஆம்புலன்ஸில்தான் சார்ஜ் ஏற்றுகிறேன். அதுவும் லைன்மேன் அண்ணனைக் கூப்பிட்டே தீர்ந்துபோகிறது. எப்போது அடித்தாலும் சுவிட்ச் ஆஃப்.

இன்று காலை அவரே பிரசவ அறை வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, சரி பண்ண வந்துட்டீகளா?"

"இல்ல சிஸ்டர். எங்க வீட்லயும் கரண்ட் இல்ல. செத்த நேரம் போனுக்குச் சார்ஜ் போட்டுக்கிறேனே."

உள்ளே ஒருத்திக்கு வலி கண்டிருந்தது. இருந்தும் என் சட்டத்தை நானே மீறி, கதவோரம் இருந்த இன்வெர்ட்டர் பிளக்கைக் காட்டினேன். அவர் போனுக்கு உயிர் வந்தால்தானே எங்களுக்கு வெளிச்சம்.

போன் விழித்ததும் வரிசையாக மிஸ்டு கால்.

"அம்புட்டும் ஒரே நம்பரா இருக்கே. யாரு இது?"

"நான்தாண்ணே."

அவர் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. எடுத்து, "இந்தா வந்துரும், வந்துரும்" என்று சொல்லி வைத்தார்.

"யாருண்ணே, ஆபீஸரா?"

"வீட்டுக்காரி. கரண்ட் எப்ப வரும்னு கேக்குறா."

கே.கே. நகரில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து இதைப் படிக்கும் தோழிகளே, லைக் வேண்டாம். புளித்த மாவை என்ன செய்யலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.