கேட்காததைக் கேட்டேன் என்று சொல்லாதவள்

செவ்வாய்க்கிழமை காலை, வெளிநோயாளிகளின் வரிசை வாசல்வரை நின்றிருந்தபோது தபால்காரர் ஒரு கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார். காக்ஸ் டவுனிலிருந்து ஆரோக்கியமேரியின் தங்கை பிலோமினா எழுதியிருந்தாள். “அக்காவுக்கு நிமோனியா. நாலே நாள்தான். வெள்ளிக்கிழமை போய்விட்டாள், சனிக்கிழமை அடக்கம் செய்தோம். உங்களுக்குச் சொல்லி அனுப்ப ஆள் கிடைக்கவில்லை, மன்னிக்க வேண்டும்.” கார்டை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்தவரை உள்ளே வரச் சொன்னேன். அன்று எத்தனை பேரைப் பார்த்தேன், என்ன மருந்து எழுதினேன் என்பது எதுவும் இப்போது நினைவில்லை.

ஆரோக்கியமேரியை உங்களில் பலர் நர்ஸம்மா என்றுதான் அறிவீர்கள். கண்டோன்மென்ட் பிரசவ ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷம் உங்கள் பிள்ளைகளை முதலில் கையில் ஏந்தியவள். அவள் என்னோடு டாக்டருக்குப் படித்தவள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவளாகச் சொல்லியிருக்க மாட்டாள். அதனால் நான் சொல்கிறேன்.

எங்கள் வகுப்பில் பெண்கள் நாங்கள் இருவர் மட்டுமே. நான் பசவனகுடியில் சர்க்கார் உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண். அவள் அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். முதல் நாள் நான் கடைசி பெஞ்சில் போய் ஒடுங்கி உட்கார்ந்தேன். பின்னாலேயே வந்தவள் என் பையை எடுத்துக்கொண்டு முன் பெஞ்சை நோக்கி நடந்தாள். “பின்னாடி உக்காந்தா போர்டு தெரியாதுங்க. பசங்க பாக்கறத பாத்துட்டுப் போவட்டும், வாங்க” என்றாள். ஒரு வாரத்தில் ‘வாங்க’ போய் ‘வாடி’ வந்துவிட்டது.

கடைசி வருஷம் அவளுக்கு டைபாய்டு கண்டது. ஆறு வாரம் கழித்து, முடியெல்லாம் கொட்டி, தோளெலும்பு தெரிய வகுப்புக்கு வந்தாள். ஒருநாள் வார்டு தாழ்வாரத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. மூன்று முறை கூப்பிட்டேன். ஓடிப்போய்த் தோளைத் தொட்டபோதுதான் திடுக்கிட்டுத் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் வெளிப்பட்டுவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“எப்போல இருந்து?” என்றேன்.

“ஜுரம் விட்டதுல இருந்து. எடது காது சுத்தமா இல்ல. வலது பக்கம் வந்து பேசினா கேக்குது.”

“ஸ்டெதாஸ்கோப் வச்சா?”

“மூச்சு சத்தம் கொஞ்சம் வருது. இதயத்துல வர்ற சின்ன சத்தம் ஒண்ணுமே கேக்கல, சாரதா.”

எல்.எம்.பி. பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது. அதில் தேறினால்தான் டாக்டராகத் தொழில் செய்ய லைசென்ஸ். எழுத்துப் பரீட்சை எங்களுக்குப் பயமில்லை. கடைசியாக ஒரு நோயாளியைப் பரிசோதித்து, கண்டதையும் கேட்டதையும் பரீட்சகரிடம் சொல்ல வேண்டும். அங்கேதான் சிக்கல்.

அன்று முதல் தினமும் மத்தியானம் அவள் வீட்டு முன்னறையில் கூடினோம். எந்த நோயில் எந்த இடத்தில் என்ன சத்தம் வரும் என்று நான் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். “நோய் இன்னதுன்னு நீ கண்டுபிடிச்சிட்டா, சத்தம் இன்னதுதான்னு தெரிஞ்சதுதானே. கேட்டேன்னு சொல்லிடு” என்றேன். மறுத்துப் பேசாமல் முழு நோட்டையும் மனப்பாடம் செய்தாள்.

ஆனால் அவள் நம்பியது வேறொன்றை. உள்ளங்கையைப் பழக்கினாள். தங்கை பிலோமினாவை உட்காரவைத்து, முதுகில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, “ஒண்ணு, ஒண்ணுன்னு சொல்லிக்கிட்டே இரு” என்பாள். குரலின் அதிர்வு நெஞ்சுக்கூட்டில் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று அளப்பாள். அரைமணி நேரம் சொன்ன பிலோமினா, “ஏன்க்கா, உங்க டாக்டர் படிப்புல ரெண்டே வராதா?” என்றாள். காய்ச்சலுக்குப் பிறகு ஆரோக்கியம் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

வார்டிலும் அப்படியே. கழுத்து நரம்பின் துடிப்பு, மணிக்கட்டு நாடி, நகத்தின் நிறம், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்து நோயைச் சொல்வாள். பிறகு நான் ஸ்டெதாஸ்கோப் குழலை வைத்துக் கேட்டுச் சரிபார்ப்பேன். பரீட்சை நெருங்கியபோது அவள் தப்புவது அபூர்வமாகிவிட்டது. என் காதுதான் அடிக்கடி தப்பியது.

பரீட்சை நாளன்று எங்கள் இருவருக்கும் ஒரே நோயாளி. பஞ்சாலையில் வேலை செய்யும் பெண், இருபது வயதிருக்கும். ஆரோக்கியம் முதலில் போனாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் என் முறைக்காகக் காத்திருந்தேன். காது மந்தமானவர்கள் தங்களை அறியாமல் உரக்கப் பேசுவார்கள். அவள் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது. இதயத்தின் இடப்பக்க வால்வு சுருங்கியிருக்கிறது என்றாள். காரணங்களை வரிசையாகச் சொன்னாள். என்ன சத்தம் கேட்டது என்று பரீட்சகர் கேட்டார். அவள் காதில் விழாமல் அவர் மறுபடியும் கேட்க வேண்டியிருந்தது.

நோட்டில் இருந்த விடை அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். அவள் சொன்னது வேறு: “எனக்குச் சத்தம் கேட்கவில்லை சார். என் காது மந்தம். மடியில் படுத்த பூனையின் முதுகைத் தொட்டால் தெரிவதுபோல இங்கே ஓர் அதிர்வு, கையில் தெரிகிறது.”

நீ போகலாம் என்றார் பரீட்சகர்.

அடுத்து நான் போனேன். குழலை வைத்தேன். என் இதயம் என் காதிலேயே இடித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் நிமிர்ந்து, வால்வு சுருங்கியிருக்கிறது, தாழ்ந்த உருளல் சத்தம் தெளிவாகக் கேட்கிறது என்றேன். பரீட்சகர் தலையை ஆட்டி, உனக்கு நல்ல காது என்றார்.

பலகையில் ஒட்டிய பட்டியலில் என் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை. என் பெயரை அவள்தான் முதலில் பார்த்து விரலால் காட்டினாள். திரும்பி நடக்கும்போது, “நோட்டுல இருந்தத ஏன்டி சொல்லல?” என்று கேட்டேன். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

“சொல்லலாம்னுதான் போனேன். அந்தப் பொண்ணு என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்துச்சு. அவ நெஞ்சுல கேக்காதத கேட்டேன்னு எப்படிச் சொல்றது?”

ஆறு மாதம் கழித்து மீண்டும் பரீட்சைக்குப் போனாள். இம்முறை நோயாளியிடம் விடுவதற்கு முன்பே காதருகே கடிகாரத்தை வைத்துச் சோதித்தார்கள். இரண்டே நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாள். அதன்பின் மருத்துவச்சிப் பயிற்சி பெற்று, நீங்கள் அறிந்த நர்ஸம்மா ஆனாள். வயிற்றுக் குழந்தையின் இதயத்தைக் கேட்க மட்டும் இன்னொரு நர்ஸை அழைப்பாள். அதை யாரிடமும் மறைத்ததில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து ஒருநாள், லிங்கராஜபுரத்துக் கர்ப்பிணி ஒருத்தியை ஜட்கா வண்டியில் ஏற்றிக்கொண்டு என் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். “எங்க டாக்டர் வெறும் சோகைன்னுட்டார். எனக்கு கையில தெரியுது. நீ கேட்டுப் பாரு” என்றாள். குழலை வைத்தேன். அந்தத் தாழ்ந்த உருளல், மிகத் தெளிவாகக் கேட்டது. குழலைக் கழற்றினேன். அதுவரை சொல்லாததைச் சொன்னேன்.

“அன்னைக்குப் பரீட்சையில எனக்கு இது கேக்கல, ஆரோக்கியம்.”

“என்ன?” என்று வலது காதைத் திருப்பினாள்.

வார்டு முழுக்கக் கேட்கும்படி இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. “எனக்கு அன்னைக்கு ஒண்ணுமே கேக்கல. நீ சொன்னத ஒட்டுக்கேட்டு நான் பாஸானேன்.” நர்ஸுகள் திரும்பிப் பார்த்தார்கள்.

“தெரியும்” என்றாள். “ரிசல்ட் வந்த அன்னைக்கு நீ என் மூஞ்சியப் பாத்தே பேசல. இப்போ கேக்குதா?”

“கேக்குது.”

“அப்போ இவளுக்கு என்ன பண்ணணும்னு சொல்லு.”

பிரசவம்வரை அந்தப் பெண்ணைப் படுக்கையிலேயே வைத்திருந்தோம். பிரசவத்தன்று அவள் நெஞ்சில் ஆரோக்கியத்தின் கை இருந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அந்த விஷயத்தை ஆரோக்கியம் அதன்பின் பேசவே இல்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் முடியாது. நாலு நாள் நிமோனியாவில் கிடந்தவளின் முதுகில் என் கையை வைத்துப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஒரே ஊரில் இருந்தும் போய்ப் பார்க்காமல் விட்ட ஞாயிற்றுக்கிழமைகளை இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

நோயாளியைப் பரிசோதித்துவிட்டு எழுதப் போகும்போது இப்போதெல்லாம் என் கை ஒரு கணம் நிற்கிறது. நான் கேட்டேனா என்று என்னைக் கேட்டுக்கொள்கிறேன். கேட்கவில்லையென்றால் ‘கேட்கவில்லை’ என்றே எழுதுகிறேன். அதைச் சொன்னதால் அவள் டாக்டராக முடியவில்லை. அதை அவளிடமிருந்து கற்ற பிறகே நான் டாக்டரானேன்.