ஊசி அக்கா தேர்தலில் நின்றார்

அந்தத் துணை சுகாதார நிலையம் ஒற்றை அறைதான். ஒரு மேசை, தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டி, குழந்தைகளை எடை பார்க்கும் தராசு, கால் ஆடும் ஒரு பெஞ்சு. இருபது வருடங்களுக்கு மேல் அங்கே நர்ஸாக இருந்தவரை ஊரே ஊசி அக்கா என்றுதான் கூப்பிட்டது. சாப்பிடாமல் அடம்பிடிக்கும் பிள்ளைகளிடம் தாய்மார்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் காரியம் சாதிப்பார்கள். அதனால் அவர் தெருவுக்குள் நுழைந்தாலே பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் பதுங்கின. அதில் அவருக்கு மனத்தாங்கல் உண்டு.

கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். பிள்ளை இல்லை. அடுத்த தெருவில் தங்கை இருந்தாள். தங்கையின் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. போன் வந்துவிட்டால் அக்கா போட்டது போட்டபடி ஓடுவார். ஒருமுறை ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் கணவர் செருப்புமாகப் போய் நின்றார். குழந்தை கண் திறந்த பிறகுதான் அக்காவும் தங்கையும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கை தையல்காரர் மனைவியின் பிரசவத்தோடு மாறியது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தம் இருப்பு வைக்க வசதி இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, ஆம்புலன்ஸில், அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தபடி அவள் உயிரை விட்டாள்.

அதன் பிறகு ரத்த வங்கி கேட்டு அக்கா சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்க நடையாய் நடந்தார். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே பதில் வந்தது. கடைசியாகப் போனபோது உறுப்பினர் தன் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "இவ்வளவு அவசரம்னா நீங்களே நின்னு ஜெயிச்சு வந்து கட்டிக்குங்கம்மா" என்றார். அறையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

அரசாங்க வேலையில் இருந்துகொண்டு தேர்தலில் நிற்க முடியாது. வேலையை விட வேண்டும். கணவர் முதலில் விளையாட்டு என்று நினைத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்த பிறகு, தோற்றுவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார்.

"வேற எங்கயாவது வேலை பார்க்கிறேன். அவ பிடிச்ச பிடி இன்னும் விடலங்க" என்றார் அக்கா. மறுநாள் ராஜினாமா கொடுத்தார்.

சுயேச்சை வேட்பாளர் என்பதால் கத்தரிக்கோல் கேட்டவருக்கு வாளி சின்னம் கிடைத்தது. பிரச்சார ஆட்டோ வாளியைத் தூக்கிக் காட்டிக்கொண்டு போனபோது தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று சிலர் குடத்தோடு ஓடி வந்தார்கள். தங்கைதான் கூடவே நடந்து நோட்டீஸ் கொடுத்தாள், தொண்டை கட்டும்வரை கத்தினாள். ஆனால் வேகமாக ஓட்டுக் கேட்க அக்காவுக்கு வரவில்லை. ஒரு வீட்டில் கால் வீக்கத்தைக் காட்டுவார்கள், இன்னொரு வீட்டில் சர்க்கரை அளவைச் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஓட்டுக் கேட்கப் போனாயா, டூட்டிக்குப் போனாயா என்று கணவர் கிண்டல் செய்தார். எல்லா வீட்டிலும் நல்ல வரவேற்பு. கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கியவர்கள்கூட உண்டு.

தொகுதி முழுக்க ஜெயிப்போம் என்று அக்கா கனவு காணவில்லை. ஆனால் தன் ஊராவது தன்னோடு நிற்கும் என்று நம்பினார். எண்ணிக்கை நாளில் ஊரின் வாக்குச்சாவடிகளின் கணக்கு வந்தபோது, கணவர் காதில் தப்பாக விழுந்ததோ என்று இன்னொரு முறை கேட்டார். தப்பில்லை. அக்காவுக்கு விரல் விட்டு எண்ணிவிடும்படிதான் ஓட்டு விழுந்திருந்தது. பழைய உறுப்பினரே மறுபடியும் ஜெயித்தார்.

அந்த வாரம் தடுப்பூசி நாளன்று காலையில் வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டு அக்கா கதவைத் திறந்தார். கைக்குழந்தைகளோடு நாலைந்து பெண்கள் நின்றார்கள். நிலையம் பூட்டியிருந்ததால் வீட்டுக்கே வந்துவிட்டார்களாம்.

"தோத்தது கஷ்டமாத்தான்க்கா இருக்கு" என்றாள் அவர்களில் ஒருத்தி. "ஆனா ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. நீங்க அங்க போய் உக்காந்துட்டா எங்களுக்கு யாரு இருக்கா?"

மற்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். யார் முகத்திலும் கள்ளம் இல்லை. வேலையை விட்டாயிற்று, இனி நான் ஊசி போட முடியாது என்று அக்கா பொறுமையாக விளக்கினார். அவர்களுக்கு அது பிடிபடவே இல்லை. கேட்டால் திரும்பச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டார்கள். தன்னைப் பிடிக்காமல் ஊர் கைவிட்டிருந்தால் அக்கா தாங்கியிருப்பார். விட மனமில்லாமல் ஓட்டுப் போடாமல் இருந்ததை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

வேலையைத் திரும்பக் கேட்டுப் போனபோது, மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் அதிகாரி எழுந்து நாற்காலி போட்டுக் கொடுத்தார். ஆனால் ஏற்றுக்கொண்ட ராஜினாமா ஏற்றுக்கொண்டதுதான், புது நர்ஸ் வெளியூரிலிருந்து வருகிறார் என்று சொல்லிவிட்டார்.

திரும்பும் வழியில் அக்கா தங்கை வீட்டுக்குப் போனார். முடிவு வந்ததிலிருந்து அவள் எட்டிப்பார்க்கவில்லை. தொண்டை சரியில்லையோ என்று நினைத்திருந்தார். தங்கை, மகளின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கவுனை எடுத்து மடித்தபடி, "கேட்டியா கதைய, என்னை விடக் கூடாதுன்னுதான் யாரும் ஓட்டுப் போடலையாம்" என்று சிரிக்கப் பார்த்தார்.

தங்கை சிரிக்கவில்லை.

"நானும் போடலக்கா."

அக்காவின் கை நின்றது.

"வாளிகிட்டத்தான் கை போச்சு. அப்பத்தான் பாப்பா நெனப்பு வந்துச்சு. நீ அவ்வளவு தூரத்துல இருக்கறப்ப இவளுக்கு இழுத்துக்கிச்சுன்னா நான் யாரைக்கா கூப்பிடுவேன்? தோத்தா உன்னை வேலைல திரும்பச் சேத்துக்குவாங்கன்னு நெனச்சேன். என் ஒரு ஓட்டுல என்ன ஆயிடப்போகுதுன்னு..."

அக்கா கவுனை மடித்து முடித்தார். அலமாரியில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தார். "தீரப்போகுது. நாளைக்கே வாங்கி வெச்சுடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். வாளி நிரம்பி வழிகிற சத்தத்தைக் கேட்டபடி கணவர் வெளியே நின்றார். கதவைத் தட்டவில்லை.

இப்போது அக்கா பக்கத்து ஊரில் ஒரு தனியார் கிளினிக்கில் வேலை பார்க்கிறார். அங்கே அவர் வெறும் சிஸ்டர். வருகிற குழந்தைகளின் பெயரைச் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். ரத்த வங்கி இன்னும் வரவில்லை.

தங்கை போன் செய்தால் இன்றும் ஓடுகிறார். போன மாதம் குழந்தைக்கு வலிப்பு அடங்கித் தூங்கிய பிறகு தங்கை டீ போட்டுக்கொண்டு வந்து, "கொஞ்சம் உக்காருக்கா" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கிளினிக் திறந்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே அக்கா படியிறங்கினார். அன்று ஞாயிற்றுக்கிழமை, கிளினிக் விடுமுறை. தங்கைக்கும் அது தெரியும். டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றாள்.