பின் சீட்டில் மணல் மூட்டைகள்

காலையில் எழுந்து வாசலுக்கு வந்தால் வண்டி பின்பக்கம் குந்தியிருக்கும். முதலில் ஒரு விரற்கடை, போகப் போக ஒரு சாண். ஸ்டார்ட் செய்துவிட்டால் உள்ளே இருக்கும் சின்ன பம்ப் முனகிக்கொண்டே காற்றை ஏற்றி அதைத் தூக்கி நிறுத்தும். எனக்கும் இப்போதெல்லாம் எழுந்ததும் இடுப்பு நிமிர நேரமாகிறது. அதனால் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சென்னையில் யாரோ பணக்காரர் ஓட்டிக் கழித்த வண்டி அது. என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கி வந்தார். நாலு சக்கரமும் இழுக்கும் என்பதால் எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் புதையாது. பின்பக்கம் ஸ்பிரிங்குக்குப் பதில் இரண்டு ரப்பர் பைகள். காற்று அடைத்த அந்தப் பைகள்தான் பின்பாரம் முழுவதையும் தாங்கும். மெக்கானிக்குகள் அதைப் பலூன் என்பார்கள். அவர் மாரடைப்பில் போனதும், வண்டியை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடு என்று சென்னையிலிருக்கும் மகன்கள் சொன்னார்கள். விற்று என்ன செய்ய? அவர்கள் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து எதிர் பால்கனியைப் பார்க்கவா? நான் கடற்கரையில் ஓட்டிப் பழகினேன். இரண்டு படகை இடித்தேன். பிறகு வந்துவிட்டது.

படகுகள் கரைக்கு வந்து ஏலம் முடிந்ததும் மீன் விற்கும் பெண்கள் கூடைகளை என் வண்டியில் அடுக்கிக்கொண்டு ஏறுவார்கள். ஏரிப் பாலம் தாண்டி, பழவேற்காடு தாண்டி, பொன்னேரி மார்க்கெட் வரைக்கும் பயணம். பின்னால் ஒரு பக்கத்துக் கண்ணாடி இறங்காது. காற்று வரும் ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். அதற்கு அடிதடி வராமலிருக்க அவர்களே முறை வைத்துவிட்டார்கள். ஏரியில் நல்ல இடத்தில் வலை கட்ட இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று முறை போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதையே தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலோரத்துக்கும் போட்டார்கள். ஏரியில் முறை எப்படியோ, வண்டியில் அதைவிடக் கறார். புருஷனோடு கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனவள்கூட திரும்பி வந்த அன்றே விட்டுப்போன தன் முறையைக் கேட்டு வாங்கினாள்.

முன் சீட்டில் எனக்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டி. பேச்செல்லாம் எனக்குப் பின்னால்தான் நடக்கும். யார் வீட்டு மருமகள் எப்படி, யார் ஏலத்தில் ஏமாற்றினான், எல்லாம் என் தலைக்கு மேல் பறக்கும். நடுநடுவே நானும் ஒரு வார்த்தை போடுவேன். திரும்பி வந்தால் வீட்டில் டி.வி. மட்டும் பேசும். அது நான் சொல்வதைக் கேட்காது. தனியாக இருப்பது பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை. காலைப் பயணத்தை வைத்துத்தான் மிச்சப் பொழுதை ஓட்டினேன்.

அப்படி இருக்கும்போதுதான் பலூனில் வெடிப்பு தெரிந்தது. ஐஸ் தண்ணீரும் உப்பும் ஒழுகி ஒழுகி ரப்பர் பாளம் பாளமாக வெடித்திருந்தது. புதுப் பலூன் சென்னையில் சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும். அதுவரை வண்டியை நிறுத்த மனமில்லாமல் என் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் உடைந்த ஃபைபர் படகுகளை ரெசின் பசை பூசி ஒட்டுகிறவன். படகு உடைந்தாலும் ரெசின், குடம் உடைந்தாலும் ரெசின், கக்கூஸ் கதவு உடைந்தாலும் ரெசின் என்று இருக்கிற ஊர் எங்களுடையது. யாருக்கும் வேறு யோசனை வராது, எனக்கும் வரவில்லை. ஃபைபர் பாயை வெட்டி ரெசினில் நனைத்து இரண்டு பலூனையும் சுற்றி ஒட்டினான்.

"காஞ்சா கல்லு மாரி நிக்கும் பாருக்கா" என்றான்.

கல் மாதிரி நின்றதுதான் வினை. பலூன் மடங்கி விரிய வேண்டிய சாமான். பாலத்தைத் தாண்டியதும் ஒரு பள்ளம் உண்டு. கூடையும் ஆட்களுமாகப் போன வண்டி அதில் இறங்கியதும், காய்ந்த ரெசின் விளிம்பு ரப்பரைக் கத்தியாக அறுத்துவிட்டது. டமாரென்று சத்தம். வண்டி பின்னால் உட்கார்ந்தது, கூடைகள் சரிந்தன, இறால் ரோட்டில் கொட்டியது. நல்ல வேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று ஜன்னலோரம் நண்டு விற்கும் அக்காவின் முறை. எல்லாரிலும் மூத்தவள். இறங்கி, புடவையை உதறி, என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். பின்னால் வந்த லோடு ஆட்டோவில் கூடைகளை மாற்றி ஏற்றிக்கொண்டு எல்லாரும் போனார்கள். நான் கண்டவர்களைக் கூப்பிட்டு வண்டியை இழுத்துவந்தேன்.

மறுநாளிலிருந்து லோடு ஆட்டோ கரைக்கே வர ஆரம்பித்தது.

பலூன் வந்து சேர்ந்ததும் தம்பிதான் கூட நின்றான். ரெசின் டப்பாவைக் கொண்டுவரவில்லை. அவன் கேட்ட மன்னிப்பு அதுதான் என்று எடுத்துக்கொண்டேன். ஜாக்கி வைத்து உயர்த்தி, படகு உருட்டும் கட்டைகளை முட்டுக் கொடுத்தோம். காற்றுக் குழாயைக் கழற்றி, பழைய பலூனைப் பிடுங்கினால் அது உட்காரும் தகடு முழுக்கத் துரு. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து எனக்குக் கை மரத்துப்போனது. புதியதை முறுக்கு விழாமல் மேலும் கீழும் பொருத்தினோம். வண்டியை இறக்கும் முன்பே காற்றை ஏற்றிவிட வேண்டும், காலிப் பலூன் மேல் பாரத்தை வைத்தால் மடிப்பு தவறிக் கிழியும் என்று பலூன் விற்றவர் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அப்படியே செய்தோம். சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், ஒரு குமிழிகூட வரவில்லை. மறுநாள் காலையிலும் வண்டி நிமிர்ந்தே நின்றது. எனக்குக் கர்வமாக இருந்தது.

கரைக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். பெண்கள் லோடு ஆட்டோவில் கூடை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வண்டி சரியாய்டுச்சாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆய்டுச்சி."

"நல்லதுக்கா" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அந்த வாய் எதற்கெல்லாமோ வரும்.

ஐஸ் வாங்கப் போகிறேன் என்று எனக்கே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டு தினமும் பொன்னேரிக்குப் போனேன். புதுப் பலூன் பாரம் தாங்கவென்றே செய்தது, காலியாகப் போனால் வண்டி தவளையாய்க் குதிக்கும். முதுகு விட்டுப்போனது. கடைசியில் சாக்குகளில் மணல் அள்ளிக் கட்டி, ஆளுக்கொரு மூட்டை என்ற கணக்கில் பின் சீட்டில் அடுக்கினேன். குதிப்பு அடங்கியது. கண்ணாடியில் பார்த்தால் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒருநாள் கிளம்பும்போது, பழக்க தோஷம், "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டுத் தொலைத்தேன். பாலம் வரைக்கும் அழுதுகொண்டே ஓட்டினேன்.

அப்படியே நாட்கள் போயின. ஒரு காலையில் லைட்ஹவுஸ் பக்கம் திரும்பும் இடத்தில் நண்டுக்கார அக்கா கூடையும் கையுமாக நின்று வண்டியை மறித்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னாமே இது, மணல் கடத்துறியா?"

"பாரமில்லன்னா குதிக்குதுக்கா."

"ம்" என்று கூடையை உள்ளே தள்ளினாள். ஜன்னலோர மூட்டையைத் தூக்க நான் இறங்கினேன்.

"அத வுடு" என்று நடு மூட்டையை மட்டும் காலால் கீழே தள்ளிவிட்டு, இரண்டு மூட்டைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கோபம் இன்னும் போகவில்லை என்று நினைத்தேன். பாலம் வந்தது, போனது. கண்ணாடியில் பார்த்தால் மூட்டைகளோடு மூட்டையாக அவளும் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பள்ளத்தை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்தேன். மெல்ல இறக்கி ஏற்றினேன். பலூன் அமுங்கி, மூச்சு விட்டாற்போல் எழுந்தது.

"நிறுத்துமே" என்றாள்.

நிறுத்தினேன்.

"இங்கதான வெடிச்சுது?"

"ஆமாக்கா."

"அன்னிக்கு என் முறை. அப்ப இதுவரைக்கும் ஜன்னலாண்ட குந்திகினு வந்துட்டேன். இங்கேர்ந்து பொன்னேரி வரைக்கும் எனக்கு பாக்கி கீது. வந்து ஒரு கை புடி."

இறங்கிப் போய்ப் பிடித்தேன். ஜன்னலோர மூட்டையை இருவருமாக நடுவில் நகர்த்தினோம். அவள் அந்த இடத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உம், எடு. நேரமாவுது."

வண்டியை எடுத்தேன். கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டேன்.

"அடுத்த முறை யாருதுக்கா?"

"என் பக்கத்து வூட்டுக்காரிது."

"அவ வருவாளா?"

"முறைய வுட்டுக் குடுக்குற ஆளா அவ?" என்றாள். பிறகு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி மருமகளோடு போட்ட சண்டையை ஆரம்பித்தாள். பொன்னேரி வரைக்கும் ஓயவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோரத்திலிருந்து நகர்த்திய மூட்டையை இறக்கி, அவிழ்த்து, வாசலில் கொட்டினேன். மற்ற மூட்டைகள் அப்படியே இருக்கின்றன. ஆள் சேராமல் அவற்றையும் இறக்கினால் வண்டி குதிக்குமே.