நன்றிப் பாட்டுக்கு மிதிக்காதவர்

அந்தப் பாட்டுக் கோஷ்டியில் அவர் பாடவுமில்லை, அடிக்கவுமில்லை. சைக்கிள் மிதித்தார்.

போர்க்காலம். வன்னிக்குள் மின்சாரம் இல்லை. பற்றரியையும் இராணுவம் வரவிடவில்லை. கண்டாவளை முகாமில் இடம்பெயர்ந்த நாலு இளைஞர்கள் தகரப் பீப்பாய்களில் அடித்து, பசியையும் செல்லடியையும் தொண்டை கிழியக் கத்திப் பாடுவார்கள். ஸ்ராண்டில் நிறுத்திய சைக்கிளின் டைனமோதான் அவர்களுடைய சின்ன ஒலிபெருக்கிக்கு உயிர். “இதென்ன பாட்டு, நாய்க் குரைப்பு” என்று திட்டியவர்களின் பிள்ளைகளே பிறகு முகாமுக்கு முகாம் பீப்பாய் உருட்டிப்போய்ப் பாடினார்கள்.

மடித்துக் கட்டிய சாரம், நரம்பு புடைத்த கெண்டைக்கால், கடித்த பல். சூடான வரி வந்தால் அவர் வேகமாக மிதிப்பார், சத்தமும் ஏறும்.

ஒருநாள் நிவாரண அதிகாரி ஒருவர் வந்தார். முகாமிலிருந்த எங்களுக்கு நிவாரணமாகக் கிடைத்தது புழு நெளிந்த அரிசி. அதற்கு நன்றிப் பாட்டு வேண்டுமாம்! முகாம் பொறுப்பாளர் மிரட்ட, இளைஞர்கள் பயந்து தொடங்கினார்கள். முதல் வரியிலேயே ஒலிபெருக்கி செத்தது. அவர் காலை நிறுத்திவிட்டு சீற்றில் அப்படியே இருந்தார்.

“மிதியுங்கோ அண்ணை, அதிகாரி பாத்துக்கொண்டு நிக்கிறார்” என்றேன்.

“பாக்கட்டும். இந்த அரிசியத் திண்டுபோட்டு அவரே வந்து மிதிக்கட்டும்.”

பொறுப்பாளர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அதைக் கண்ட பாடகன் ஒருவன் பீப்பாயை உதைத்து, “புழு அரிசி! புழு அரிசி!” என்று கத்தத் தொடங்கினான். உடனே அவர் கால்கள் பறந்தன. அதிகாரி ஜீப்பில் ஏறி மறையும்வரை முகாம் முழுக்க அந்தப் பாட்டுத்தான்.

இன்றைக்கும் யாராவது மேடையேறி நன்றியுரை வாசித்தால், ஒலிபெருக்கி எப்போது சாகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். சாவதேயில்லை.